நான் கோணலாக வைக்கவில்லை

என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்ன தாளில் இந்த மூன்று வரி இருந்தது: தகட்டு வட்டங்களை அச்சில் கோணலாக வைத்தேன். அதனால் சட்டிகளின் விளிம்பு பழுதாகியது. இது என்னுடைய கவனக்குறைவு என்று ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். மூன்று வரி வாசிக்கத் தெரியும். வாசித்தேன். தாளைத் திருப்பி மேசையில் வைத்தேன். கையெழுத்து வைக்கவில்லை.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீட்டி எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அச்சுவேலிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. அலுமினியச் சருவச்சட்டி செய்கிற இடம். பதினொரு பேர் வேலை செய்கிறோம். நான் நிற்பது அழுத்தும் மெசினில். இருபது வருடமாக அதே மெசின், அதே இடம். நான் நின்ற இடத்தில் சீமெந்துத் தரை தேய்ந்துபோய்க் கிடக்கிறது.

வேலை இதுதான். தகடு கொழும்பில் இருந்து லொறியில் வரும். அதை வட்டம் வட்டமாக வெட்டுவோம். வட்டத்தை அச்சின் மேல் வைத்தால் சுற்றிவர ஒரு வளையம் இறங்கி அமத்திப் பிடிக்கும். நடுவில் இரும்புத் தலை இறங்கும். தகடு அச்சுக்குள் இழுபட்டுப் போய்ச் சட்டியாகும். அவ்வளவுதான். பார்க்கிறவனுக்கு லேசான வேலை.

ஆனால் சட்டியாகும்போது விளிம்பு நேராக நிற்காது. நாலு இடத்தில் உயரும். நாலு இடத்தில் தாழும். உயர்ந்து நிற்பதை நாங்கள் காது என்போம். அது வரும் என்று தெரிந்துதான் வட்டத்தை இரண்டு விரற்கடை பெரிதாக வெட்டுவோம். சட்டியானதும் காதைச் சீவி எறிந்துவிட்டு, விளிம்பை வெளியே சுருட்டி மடிப்போம். மடித்தால்தான் கையை வெட்டாது.

காது ஏன் வருகிறது என்று கேட்டால் இவ்வளவு சொல்வேன். தகட்டைச் செய்கிற இடத்தில் உருளைகளுக்குள் விட்டு நசித்து இழுக்கிறார்கள். போன வழி தகட்டில் மெல்லிய கோடுகளாகக் கிடக்கும். வெயிலுக்குச் சரித்துப் பிடித்தால் தெரியும். அதை ஓட்டம் என்போம். ஓட்டத்தோடு இழுத்தால் தகடு ஒரு மாதிரிக் கொடுக்கும். குறுக்கே இழுத்தால் வேறு மாதிரி. மூலைவாக்கில், இரண்டுக்கும் நடுவே சரித்து இழுத்தால் இன்னொரு மாதிரி. பனையோலையை நீளவாக்கில் கிழிப்பதும் குறுக்கே கிழிப்பதும் ஒன்றல்ல. தகடும் அப்படித்தான். இழுபடுகிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதபடியால் ஆட்கள் நம்புவதில்லை. எங்களுக்கு வருகிற தகட்டில் காது எப்போதும் மூலைவாக்கில்தான் வரும். அதற்கு மேல் எனக்கு அப்போது தெரியாது.

போன வருடம் முதலாளி ஒரு எஞ்சினியரை எடுத்தார். கொக்குவில் ஊர்ப் பொம்பிளைப் பிள்ளை. கம்பஸ், அதுதான் யூனிவர்சிட்டி, முடித்துவிட்டு வந்தவ. ஸ்கூட்டியில் வருவா, ஹெல்மெட்டைக் கழற்ற முதலே எல்லாருக்கும் வணக்கம் சொல்லுவா. நல்ல பிள்ளை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்த இரண்டாம் மாதம் என்னை ஒபிசுக்குள் கூப்பிட்டா. மேசையில் கொம்பியூட்டர். முதலாளி பக்கத்தில் கதிரையில் இருந்தார். கொம்பியூட்டருக்குள் எங்கள் தகடு இருந்தது. அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தா, மீன் வலை மாதிரி. தலை இறங்க இறங்க ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு இழுபடும், எவ்வளவு நசியும் என்று அது கணக்குப் பார்க்குமாம். கூட இழுபட்ட இடம் சிவப்பு. இழுபடாத இடம் நீலம். கடைசியில் சட்டி நின்றது. விளிம்பு தண்ணீர் மட்டம் மாதிரி நேராக இருந்தது.

"பாருங்கோ அண்ணை. ரெண்டு விரற்கடை கூட்டி வெட்டத் தேவையில்லை. அரை விரற்கடை காணும்."

"காது வரும் பிள்ளை."

"என்ன காது?"

"விளிம்பிலை நாலு காது."

"அது வட்டமெல்லே அண்ணை. எந்தப் பக்கத்தாலை பாத்தாலும் ஒரே வட்டம். நாலு இடத்திலை மட்டும் ஏன் உயரோணும்?"

"வட்டம் ஒண்டுதான். தகடு எல்லாப் பக்கமும் ஒண்டில்லை."

அவ சிரித்தா. பகிடி பண்ணுகிற சிரிப்பு இல்லை. பெரியவர் ஏதோ சொல்கிறார் என்கிற சிரிப்பு. பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினா. முழு வட்டத்தையும் கணக்குப் பார்த்தால் கொம்பியூட்டருக்கு நேரம் போகுமாம். கேக்கில் ஒரு துண்டு வெட்டின மாதிரி ஒரு துண்டை மட்டும் கணக்குப் பார்த்திருக்கிறாவாம். மிச்சத்தை அது சுற்றிக் காட்டுமாம். தகட்டின் பலத்துக்குத் தகடு விற்றவர்கள் கொடுத்த தாளில் ஒரு இலக்கம் இருந்ததாம். அதைப் போட்டாவாம்.

ஒரு துண்டைச் சுற்றிவிட்டால் எல்லாப் பக்கமும் அந்தத் துண்டு மாதிரித்தானே இருக்கும். காது எங்கிருந்து வரும். எனக்கு அது அப்போதே மனதில் பட்டது. வாயில் சொல்ல வரவில்லை. சொல்லத் தெரியாதவன் சொல்கிறது பிழை என்று ஆகிவிடுகிறது.

முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இருபது வருசமா ரெண்டு விரற்கடைத் தகட்டை வெட்டி வெட்டிக் குப்பையிலை எறிஞ்சிருக்கிறீர்."

நான் எறிந்தேனாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துத் தின்றவன் மாதிரிச் சொன்னார்.

அந்த நேரம் தொண்டைமானாற்றில் ஒரு அன்னதான மடத்துக்கு முந்நூறு சட்டி செய்ய வேண்டியிருந்தது. எல்லா வட்டத்தையும் புது அளவில் சின்னதாக வெட்டச் சொன்னார். ஒன்றை வெட்டிப் பார்ப்போம் என்றேன். நல்ல நாள் முடியப்போகிறது என்றார். முந்நூறும் வெட்டியாகிவிட்டது.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் இருக்கிறது. புது அச்சோ புது அளவோ வந்தால் நல்ல நேரம் பார்த்து முதல் சட்டியை அடிப்போம். அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சாமிப்படத்துக்கு முன்னால் வைப்பார் முதலாளி. வைத்த பிறகு அந்த வேலையை இடையில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் தடங்கலாம்.

நேரம் வந்தது. வட்டத்தை வைத்தேன். அச்சைச் சுற்றி ஒரு படி இருக்கிறது, புது அளவுக்கு அதையும் மாற்றியிருந்தோம், வட்டம் அதற்குள் இறுக்கமாக இருக்கும். கோணலாக வைப்பது லேசும் இல்லை. மெசினை இறக்கினேன். சட்டி வந்தது. நாலு காது. இடையிடையே நாலு பள்ளம். பள்ளத்தில் மடிக்கத் தகடே இல்லை.

சட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

"முதலாளி, விளிம்பைப் பாருங்கோ."

"நல்ல காரியத்திலை குறுக்கை கதைக்காதையும்."

சட்டியைக் கையில் இருந்து வாங்கினார். பொட்டு வைத்தார். கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தார். கற்பூரம் கொளுத்தினார். எல்லாரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். நாலு காதும் நெருப்பு வெளிச்சத்தில் நல்ல வடிவாகத் தெரிந்தது.

பிறகு யார் நிறுத்துவது. முந்நூறையும் அடித்தேன். ஒவ்வொன்றும் அதே மாதிரி.

விளிம்பு மடிக்கிற மேசையில் ஒரு முஸ்லிம் நானா வேலை செய்கிறார். டவுன்காரர். தொண்ணூறில் இயக்கம் ஊரை விட்டுப் போகச் சொன்ன முஸ்லிம் சனத்தோடு புத்தளம் போய், பிள்ளைகள் வளர்ந்த பிறகு திரும்பி வந்தவர். தகட்டு வேலை அவருக்கு வாப்பா காலத்துத் தொழில். பத்துச் சட்டி போனதும் கூப்பிட்டார்.

"தம்பி, சட்டி கேட்டவைக்குத் தாமரைப்பூ அனுப்புறமோ?"

"முதலாளியைக் கேளுங்கோ நானா."

"நான் எப்பிடிக் கேக்கிறது? உங்கடை சாமி சரியெண்டிட்டார். நான் இதுக்குள்ளை தலை போட்டால் கலவரமாப் போடும்."

"பள்ளத்திலை மடியுதோ?"

"மடிய அங்கை என்ன கிடக்கு? சும்மா தடவி விடுறன். கத்தி மாதிரிக் கிடக்கு. மீன் வெட்டலாம்."

அவரும் முதலாளியிடம் சொன்னார். ஒரு தரம் இல்லை. கொஞ்சம் அராவி விட்டால் சரி என்றார் முதலாளி.

சட்டிகள் போய் இரண்டு கிழமையில் திரும்பி வந்தன. லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு மடத்துச் சமையல்காரர் தானே வந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. உள்ளங்கையைக் கிழித்திருந்தது சட்டி. அவர் சத்தம் போடவில்லை.

"சோறு அள்ளேக்கை வெட்டினது. ரத்தம் சோத்துக்குள்ளை போட்டுது. ஒரு கிடாரம் சோறு. சனம் வரிசையிலை நிக்குது. அவ்வளவையும் கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள்."

இடது கையால் ஒரு சட்டியை எடுத்து முன்னால் வைத்தார்.

"ஆர் இதைச் செய்தது?" என்று கேட்டார்.

முதலாளி கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"உவர்தான் மெசினிலை நிக்கிறவர்."

அந்த மனிசன் என்னைப் பார்த்தார். ஏசவில்லை. பார்த்தார். என் வயதுதான் இருக்கும்.  எஞ்சினியர்ப் பிள்ளை ஒபிஸ் வாசலில் நின்றா. நிலத்தைப் பார்த்தபடி நின்றா. வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லாரும் கூடி இருக்கும்போது முதலாளி அந்தத் தாளைக் கொண்டுவந்தார். சத்தமாக வாசித்தார். மூன்று வரியும். பிறகு பேனையை நீட்டினார்.

"கையெழுத்தை வையும்."

"நான் கோணலா வைக்கேல்லை."

"அப்ப விளிம்பு ஏன் கோணினது?"

"முதலாளி, கோணலா வைச்சால் ஒரு பக்கம் உயரும். எதிர்ப்பக்கம் தாழும். நாலு பக்கம் எப்பிடி உயரும்?"

"எனக்குப் படிப்பிக்க வாறீரோ? கொம்பியூட்டர் நேரா வரும் எண்டு காட்டினது. கொம்பியூட்டருக்குக் கை நடுங்காது. உமக்கு வயது போட்டுது."

வைக்கவில்லை. அன்றைக்கே என்னை மெசினில் இருந்து எடுத்துக் கழுவுகிற தொட்டிக்குப் போட்டார். கையெழுத்து வைக்கும்வரை அங்கேதான் என்றார். வைத்தால் என்ன என்று எனக்குத் தெரியும். கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தவனை மெசினுக்குத் திரும்ப விடமாட்டார்கள். இந்தப் பக்கத்தில் சட்டிப் பட்டறை மூன்றோ நாலோதான். ஒன்றில் வாசித்தது மற்றதில் மத்தியானத்துக்குள் கேட்டுவிடும். கை பழுதானவன் என்று பேர் வந்தால் எனக்கு வேறு என்ன தெரியும். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு மெசின்.

தொட்டியில் துணி வெளுக்கிற சோடா கரைத்த தண்ணீர். எண்ணெய் பிடித்த சட்டிகளை அதில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். கையுறை கிழிந்தது. இரண்டாம் நாளே விரல் இடுக்கெல்லாம் வெந்துவிட்டது. பின்னேரம் வீட்டில் மனிசி தேங்காயெண்ணெய் பூசினா.

"இஞ்சேருங்கோ, ஒரு கையெழுத்துத்தானே. வைச்சிட்டு விடுங்கோவன்."

"நான் செய்யேல்லை."

"செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"உமக்குத் தெரிஞ்சு காணாது."

அதற்குப் பிறகு அவ கேட்கவில்லை.

மெசினில் வேறு ஆளைப் போட்டார். காது வந்தது. ஆளை மாற்றினார். வந்தது. ஒரு நாள் முதலாளி சேட்டுக் கையை மடித்துக்கொண்டு தானே வந்தார். அளவு நாடா வைத்து, சுற்றிவர அளந்து, வட்டத்தை நட்ட நடுவில் வைத்தார். இறக்கினார். சட்டியில் நாலு காது.

அப்போதாவது விளங்கும் என்று நினைத்தேன். சட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"மெசினையும் கோணலாக்கிப் போட்டாய் என்ன?"

நீர் என்று கூப்பிடுகிறவர் நீ என்றார். இருபது வருடம் நான் எண்ணெய் விட்டுத் துடைத்த மெசின். என் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு நிற்காத நாள் உண்டு, அந்த மெசினின் வேலைக்கு நிற்காத நாள் இல்லை. கையில் இருந்த சட்டியைத் தொட்டிக்குள் விட்டேன். வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு வேலை போயிருக்கும்.

அன்று பின்னேரம் எஞ்சினியர்ப் பிள்ளை தொட்டிக்கு வந்தா. தயங்கித் தயங்கி நின்றா.

"அண்ணை, முதலாளி வைச்சும் அப்பிடித்தானே வந்தது."

"ஓம்."

"மெசின் பிழையாய் இருக்குமோ?"

"கேக்கிறதெண்டால் அண்டைக்கே கேட்டிருக்கலாம் பிள்ளை. அந்த மனிசன் கையிலை துணியோடை நிக்கேக்கை கேட்டிருக்கலாம்."

அவவின் முகம் சுருங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. பிறகு சொன்னேன்:

"நாலு வட்டம் தாங்கோ. ஒரு ஆணி தாங்கோ. நாளைக்குத் தேத்தண்ணி நேரம் எல்லாரும் நிக்கட்டும். முதலாளியும் நிக்கோணும்."

அடுத்த நாள் எல்லாரும் நின்றார்கள். வட்டங்களை ஒவ்வொன்றாக வெயிலுக்குச் சரித்துப் பார்த்தேன். ஓட்டம் தெரிந்தது. அதன் வழியே ஆணியால் நடுவில் ஒரு நீளக் கீறல் போட்டேன். சட்டியின் அடிப்பக்கம் இழுபடாது. கீறல் அப்படியே நிற்கும்.

முதல் வட்டத்தை வைத்தேன். கீறல் வாசல் கேற்றைப் பார்த்தது. இரண்டாவதைத் திருப்பி வைத்தேன். கீறல் கிணற்றைப் பார்த்தது. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். நாலாவதை ஒரு விரற்கடை தள்ளி வைத்தேன். அதற்காக அச்சின் படியைக் கழற்ற வேண்டியிருந்தது. இருபது வருடத்தில் முதல் தடவையாகக் கோணலாக வைத்தேன்.

நாலு சட்டியையும் மேசையில் கவிழ்த்தேன். பிள்ளை முதல் மூன்றையும் எடுத்து, கீறலும் கீறலும் நேராக வரும்படி திருப்பி, வரிசையாக வைத்தா. மூன்றிலும் காது ஒரே இடத்தில். கீறலுக்கு மூலைவாக்கில். மெசினில் எந்தப் பக்கம் பார்த்து வைத்தது என்பதில் ஒன்றும் இல்லை. கீறல் போன பக்கம் காதும் போயிருந்தது.

நாலாவது சட்டி ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் சரிந்து, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

"கோணல் எண்டால் இதுதான்," என்றேன். "அந்த முந்நூறிலை இப்பிடி ஒண்டு இருந்தால் காட்டுங்கோ. கையெழுத்து வைக்கிறன்."

நானாதான் முதலில் பேசினார்.

"மெசின் கோணல் எண்டால் காது ஏன் முதலாளி கீறலுக்குப் பின்னாலை போகுது? மெசினுக்குப் பின்னாலை எல்லே போகோணும்?"

முதலாளி மேசையை விட்டு விலகினார். போன் அடிக்காமலே போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒபிசுக்குள் போனார்.

பிள்ளை அங்கேயே நின்றா. சட்டியின் விளிம்பைக் கையால் தடவினா.

"நான் ஒரு துண்டைத்தானே அண்ணை சுத்திவிட்டனான்," என்றா. எனக்குச் சொல்லவில்லை. தனக்குச் சொன்னா.

முதலாளி என்னை மெசினுக்குத் திரும்பக் கூப்பிடவில்லை, நான் தொட்டியிலேயே நின்றேன். பிறகு ஒரு மாதம் அவ வேலை செய்த மாதிரி ஒருவரும் செய்யவில்லை. அதையும் சொல்ல வேண்டும். தகட்டில் ஓட்டத்தோடு ஒரு பட்டி, குறுக்கே ஒரு பட்டி, மூலைவாக்கில் ஒரு பட்டி என்று வெட்டச் சொன்னா. ஓட்டத்தைப் பார்த்து நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன். அவற்றைக் கம்பசுக்குக் கொண்டுபோய் இழுக்கிற மெசினில் இழுத்துப் பார்த்தா. கொப்பி நிறைய இலக்கத்தோடு வந்தா. தொட்டிக்கு வந்து எனக்குச் சொன்னா.

"மூலைவாக்குப் பட்டி இழுபடேக்கை அகலத்திலைதான் ஒடுங்குது அண்ணை. கனம் அவ்வளவு குறையேல்லை. மற்ற ரெண்டும் அப்பிடியில்லை, மெலிஞ்சு போகுது. மெலியாத பக்கத்துத் தகடு வேறெங்கை போகும்? மேலை எழும்புது. அதுதான் காது."

இருபது வருடம் வரும் என்று மட்டும் தெரிந்த ஒன்றுக்கு ஏன் என்றும் தெரிந்தது. கோபத்துக்குள்ளும் அது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

மூன்று பக்கத்துக்கும் மூன்று விதமான இலக்கம் போட்டா. இந்தத் தரம் துண்டு இல்லை, முழு வட்டம். கொம்பியூட்டர் ஒரு பகல் முழுக்க ஓடியது. கடைசியில் வந்த சட்டியைக் கூப்பிட்டுக் காட்டினா. நாலு காது. எங்கள் சட்டியைப் படம் பிடித்த மாதிரி இருந்தது. அதில் இருந்து அவ புது வடிவம் ஒன்று எடுத்தா. வட்டத்தை மூலைவாக்கில் கொஞ்சம் குறைத்து, ஓட்டத்திலும் குறுக்கேயும் கொஞ்சம் கூட்டி வெட்டுவது. அப்படி வெட்டினால் காது எழும்பாது. அடித்துப் பார்த்தோம். விளிம்பு கிட்டத்தட்ட நேராக வந்தது. தகடும் மிச்சம். அந்த வேலை நல்ல வேலை. நான் அதைக் குறை சொல்லவில்லை.

அடுத்த கிழமை யாரோ நாலு பேர் பட்டறை பார்க்க வந்தார்கள். முதலாளி கூட்டிக்கொண்டு திரிந்தார். தொட்டிக்கு ஐந்து முழம் தள்ளி நின்று சொன்னார்:

"தகடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுபடாது. ஒருத்தருக்கும் உது தெரியாமல் கிடந்தது. எங்கடை கொம்பியூட்டர்தான் கண்டுபிடிச்சது."

நான் முழங்கை வரை சோடாவுக்குள் நின்றேன். ஒருத்தருக்கும் தெரியாதாம். முதல் நாளே மேசைக்கு முன்னால் நின்று சொன்ன நான் ஒருத்தன் இல்லையாம். முந்நூறு சட்டியைத் தடவி மடித்த நானா ஒருத்தர் இல்லையாம். படித்த மெசின் பிழை விட்டால் அது என் கை. படித்த மெசின் திருந்தினால் அது கண்டுபிடிப்பு. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவர்களுக்கு முன்னால் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன்.

புது வடிவத்துக்கு ஒரு கரைச்சல் இருந்தது. ஓட்டம் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். ஓட்டத்தை மாறிப் பிடித்து வெட்டினால் காது முன்னையை விடப் பெரிதாக வரும். மெசினில் நின்றவருக்கு ஓட்டம் தெரியவில்லை. நாற்பது பழுதானது. அப்போதுதான் முதலாளிக்கு என் ஞாபகம் வந்தது.

"நாளையிலை இருந்து மெசினுக்கு வாரும்."

"தாள்?"

"எந்தத் தாள்?"

"எல்லாருக்கும் முன்னாலை வாசிச்ச தாள்."

"அதைக் கிழிச்சுப்போடுறன். அலுவல் முடிஞ்சுது."

"கிழிச்சால் தாள்தான் போகும். வாசிச்சது போகாது. வாசிச்ச இடத்திலை பிழையெண்டு சொல்லுங்கோ."

"உமக்குத் தலைக்கனம் கூடிப்போச்சு."

"அப்ப நான் தொட்டியிலையே நிக்கிறன்."

மூன்று நாள் நின்றேன். நானா வந்து பகிடி விட்டார். "தம்பி, இன்னும் ரெண்டு நாள் நிண்டால் நீயும் சட்டி மாதிரி மினுங்குவாய்." நாலாம் நாள் தேத்தண்ணி நேரம் பிள்ளை எழும்பினா. கையில் தாள் ஒன்றும் இல்லை.

"எல்லாரும் கேளுங்கோ. அந்த முந்நூறு சட்டியும் பழுதானது என்ரை கணக்காலை. தகடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எண்டு போட்டனான். அண்ணை முதல் நாளே சொன்னவர். நான் கேக்கேல்லை. பேந்து தெரிஞ்சும் கொஞ்ச நாள் வாய் பொத்திக்கொண்டு நிண்டனான்."

"பிள்ளை, உதெல்லாம் இப்ப என்னத்துக்கு?" என்றார் முதலாளி.

"சொல்லோணும் ஐயா."

திரும்பக் கதிரையில் இருந்தா. தேத்தண்ணியைக் கையில் எடுத்தா. அந்தப் பிள்ளையில் இருந்த கோபம் எனக்கு அதோடு போய்விட்டது. நான் முதலாளியைப் பார்த்தேன்.

"அதுதான் சொல்லியாச்செல்லே," என்றார்.

"அவ தன்ரை பிழையைச் சொன்னவ. நீங்கள் உங்கடையைச் சொல்லேல்லை."

முதலாளி கோப்பையை மேசையில் வைத்தார்.

"சரியப்பா. நீர் கோணலா வைக்கேல்லை. காணுமோ?"

"இஞ்சை காணும். அந்தச் சமையல்காரருக்கும் சொல்லோணும். அவருக்கு என்னைத்தானே கை நீட்டிக் காட்டினனீங்கள்."

முதலாளி சாவியை எடுத்தார். எழும்பிப் போய்விட்டார். நான் மெசினுக்குப் போனேன். முந்நூறு சட்டி திரும்பச் செய்ய வேண்டியிருந்தது, மடத்துச் சனம் காத்திருந்தது. அதற்காகத்தான் போனேன்.

சட்டி முடிந்ததும் நான் கூடப் போகிறேன் என்றேன். முதலாளிக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் லாண்ட்மாஸ்டரில் ஏறிவிட்டேன். அவர் மோட்டார்சைக்கிளில் பின்னால் வந்தார்.

சமையல்காரர் மடத்து வாசலில் நின்றார். உள்ளங்கையில் தழும்பு வெள்ளையாக இருந்தது. ஒரு சட்டியை எடுத்து விளிம்பைச் சுற்றி, ஆறுதலாக, அந்தக் கையாலேயே தடவிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. இப்ப ஆர் மெசினிலை?"

முதலாளி என் பக்கம் தலையை அசைத்தார்.

"முந்தியும் இவர்தானே?"

"ஓம்."

"அப்ப முந்தி ஏன் அப்பிடி வந்தது?"

 அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. முதலாளி சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றார். சமையல்காரரும் விடவில்லை. சட்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"தகட்டைச் சின்னனா வெட்ட வேண்டாம் எண்டு இவர் சொன்னவர்," என்றார் முதலாளி. "நான்தான் கேக்கேல்லை."

மெல்லத்தான் சொன்னார். வாசித்த அன்றைக்கு இருந்த சத்தத்தில் பாதியும் இல்லை. சமையல்காரருக்குக் கேட்டது. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் சட்டிகளை இறக்கத் தொடங்கினேன்.